புஷ் அடிக்கப் போன சனிக்கிழமை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதி என்ற பெருந்தெருவில் ஏறும் இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. எங்கள் காரின் முன்சில்லு அதில் இறங்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், ஏறும்போது இன்னொன்று வரும். பிரேக் பிடித்தால் கார் தன்பாட்டில் இடப்பக்கம் இழுக்கும். கந்தோரில் கூட வேலை செய்த ஒருவர் ஒருநாள் ஏறி வந்துவிட்டு, "உம்மட காருக்கு மூட்டுவாதம் போலை கிடக்கு" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார், ஆனால் நோயைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

சில்லைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கையை ஆர்ம் என்பார்கள். அது காரின் சட்டத்தோடு பொருந்தும் இடத்தில் இரும்பும் இரும்பும் இடிபடாமல் இருக்க நடுவில் ஒரு ரப்பர் வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் புஷ். ரப்பர் தேய்ந்தால் இரும்பு இடிக்கும். அவ்வளவுதான் விசயம். ஒரு கராஜில் காரை விட்டால் இரண்டு நாளில் முடிகிற வேலை.

ஆனால் நான் கராஜில் விடுகிற ஆள் இல்லை. எனக்கு அந்தக் காலத்தில் இரண்டு தலைக்கனங்கள் இருந்தன. எந்தத் திருத்த வேலையையும் நானே செய்வேன் என்பது ஒன்று. என்னுடைய சிங்களமும் என்னுடைய அரசாங்கக் கந்தோர் அடையாள அட்டையும் இருக்கும்வரை கொழும்பில் எனக்கு ஒரு வில்லங்கமும் வராது என்பது மற்றது. யாழ்ப்பாணத்தில் பிறந்தாலும் சின்ன வயதிலேயே கொழும்புக்கு வந்தவன். சந்தைக்காரனோடு சிங்களத்தில் சண்டை பிடிப்பேன், பஸ்ஸில் பகிடி விடுவேன். போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து நேற்றுக் கப்பலில் வந்து இறங்கி, தெருவில் சுவரோரமாக நடந்து போகிற எங்கள் சனத்தைப் பார்க்கும்போது எனக்கு இரக்கம் வரும். அதற்குள் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது என்பதை இப்போது ஒளிக்க விரும்பவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவன்தான் என் மனைவியின் தம்பி. முப்பது வயது, வரைபடக் கலைஞன். கனடாவில் ஒரு பெண்ணோடு கல்யாணம் பேசி முடித்து, அவள் அங்கிருந்து எல்லாக் கடிதமும் அனுப்பி, நாலு மாதம் எங்கள் பின்னறையில் காத்திருந்த பிறகு விசா வந்திருந்தது. மாதம் முடிவதற்குள் போய் இறங்கிவிட வேண்டும், இல்லையென்றால் விசா செல்லாது. புதன்கிழமைக்கு ரிக்கற் போட்டிருந்தோம். அந்த நாலு மாதத்தில் அவன் கோயிலுக்கும் தூதரகத்துக்கும் தவிர வெளியே போனது குறைவு. பகல் முழுக்க அறைக்குள் இருந்து ஏதாவது கீறிக்கொண்டிருப்பான். எங்கள் குசினிக்கு ஒரு புதுத் தட்டு அடுக்கு வேண்டும் என்று அக்கா சொன்னதற்கு மூன்று பக்கத் தோற்றமும் அளவோடு கீறிக் கொடுத்தவன். நல்ல மனிதன். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

அவனை விமான நிலையத்துக்கு எதில் கொண்டுபோவது என்பதில்தான் எல்லாம் தொடங்கியது.

"இஞ்சேருங்கோ, ஒரு வாடகை வானைப் பிடிச்சால் என்ன? எல்லாரும் அப்பிடித்தானே போறவை" என்றாள் மனைவி.

"வாசலிலை சொந்தக் கார் நிக்க வானோ?"

"இந்த டொக்கு டொக்கோடையோ?"

அது எனக்குச் சுட்டது. சனிக்கிழமை புஷ் இரண்டையும் மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே காரை முற்றத்தில் கல் வைத்து உயர்த்தி, முன்சில்லுகளைக் கழற்றினோம். நான் தனியாகச் செய்வதாகத்தான் இருந்தேன். அவன் பழைய சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு தானாக வந்து என் பக்கத்தில் படுத்தான். துருப்பிடித்த ஒரு போல்ற் மட்டும் ஒன்றரை மணித்தியாலம் எங்களைப் படுத்தியது. நான் அதை ஏசினேன், சுத்தியலால் அடித்தேன், கடைசியில் ஜாக்கியையும் ஏசினேன். அவன் ஒன்றும் பேசாமல் மண்ணெண்ணெய் விட்டு, சுரண்டி, மெல்ல மெல்ல அசைத்துக் கழற்றினான். கழற்றிய நட்டு போல்ற் எல்லாவற்றையும் பழைய பேப்பரில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் எந்தப் பக்கத்துச் சாமான் என்று பென்சிலால் எழுதியும் வைத்தான்.

ஆர்ம் இரண்டும் வெளியே வந்தபோது பத்தே முக்கால். பழைய புஷ்ஷின் ரப்பர் விரலால் தொட உதிர்ந்தது. புது புஷ் வாங்கி வைத்திருந்தேன். ஆனால் அதைக் கையால் ஏற்ற முடியாது. பழையதை அமுக்கி வெளியே தள்ளி, புதியதை அமுக்கி உள்ளே ஏற்றுவதற்கு அழுத்துகிற மெசின் வேண்டும். எனக்குத் தெரிந்த கடை கிராண்ட்பாஸில் இருந்தது. சனிக்கிழமை பன்னிரண்டரைக்குப் பூட்டிவிடுவார்கள்.

கை கழுவி, சேர்ட் மாற்றி, ஆர்ம் இரண்டையும் ஒரு உரப்பைக்குள் போட்டுக் கட்டினேன். ஒருவர் தூக்கக் கூடிய பாரம்தான், ஆனால் இரண்டு பேராகப் பிடித்தால் சுகம். "வாரும்" என்றேன்.

அவன் தயங்கினான். "அத்தான், பொலிஸ் துண்டு அலுமாரிக்குள்ளை. திறப்பு அக்காவிட்டை. அக்கா சந்தையாலை வரட்டும், எடுத்துக்கொண்டு போவம்."

பொலிஸ் துண்டு என்பது வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்குகிறவர்கள் இன்ன வீட்டில் பதிவு என்று பொலிஸ் முத்திரை குத்திக் கொடுக்கிற கடதாசி. அது கையில் இல்லாமல் வெளியே போகக்கூடாது. தொலைந்தால் வினை என்பதால் அதைப் பாஸ்போர்ட்டோடும் ரிக்கற்றோடும் வைத்துப் பூட்டியிருந்தோம்.

"அக்கா வர அரை மணித்தியாலம் செல்லும். கடை பூட்டிப்போடுவான். நான் இருக்கிறன்தானே, வாரும்" என்றேன்.

நான் இருக்கிறன்தானே. இந்தச் சொல்லை இப்போதும் சில நேரம் யாருக்காவது சொல்ல வாயெடுத்து, பாதியில் விழுங்கிக்கொள்கிறேன்.

மட்டக்குளி பஸ்ஸில் ஏறினோம். உரப்பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நான் அவனுக்குப் புஷ்ஷைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டே போனேன். கேட்டுக்கொண்டு வந்தான். இறங்கவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு செக்பொயின்ற்றில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. நான் பயப்படவில்லை. வரிசையில் நின்றபடியே என் அட்டையை விரலுக்கிடையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒரு ஆமிக்காரன் உரப்பையைத் தூக்கிப் பார்த்து, பாரத்தைக் கண்டு முகம் மாறி, அவிழ்க்கச் சொன்னான். அவிழ்த்துக் காட்டி, கார் ஆர்ம், புஷ் அடிக்கக் கொண்டுபோகிறோம் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் குனிந்து உதிர்ந்த ரப்பரைத் தொட்டுப் பார்த்தான். "புஷ் கெவிலாத?" என்றான். புஷ் தேய்ந்துவிட்டதா என்று கேட்கிறான். தன் தகப்பனிடம் லொறி இருக்கிறது என்றும், இந்த வேலையைத் தானும் செய்திருக்கிறேன் என்றும் சொன்னான். நானும் லொறிப் புஷ்ஷைப் பற்றி இரண்டு வார்த்தை கதைத்தேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

பிறகு அவன் என் மைத்துனனின் அட்டையைப் பார்த்தான். யாழ்ப்பாண முகவரி. பொலிஸ் துண்டைக் கேட்டான். வீட்டில் இருக்கிறது என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவன் தன் மேலதிகாரியிடம் போய்க் கதைத்துவிட்டு வந்து, வருத்தப்படுகிறவன் மாதிரியே சொன்னான்:

"மாத்தயாட்ட யன்ன புளுவன். மெயா மெஹே இன்ன ஓன."

நான் போகலாம், இவன் இங்கே இருக்கவேண்டும். துண்டைக் கொண்டுவந்து காட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போ என்றான். காவலரணுக்குப் பக்கத்து நிழலில் ஒரு வாங்கு இருந்தது. அதில் அவனை இருக்கச் சொன்னார்கள். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள்.

மணி பதினொன்று நாற்பது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கடை அங்கிருந்து ஐந்து நிமிட நடை. வீட்டுக்குப் போய் வந்தால் கடை பூட்டிவிடும், திங்கட்கிழமைதான் திறக்கும், காரில் சில்லு இல்லை, புதன்கிழமை பயணம். இதையெல்லாம் கணக்குப் பார்த்தேன். அந்த ஆமிக்காரன் நல்லவனாக இருந்ததும் எனக்கு வசதியாகப் போய்விட்டது.

"தம்பி, இதை ஒருக்கால் கடையிலை குடுத்திட்டு ஓடிப்போய்த் துண்டை எடுத்துக்கொண்டு வாறன். என்ன?"

"ஓம் அத்தான். குடுத்திட்டுப் போங்கோ."

கொடுத்துவிட்டுப் போகத்தான் நினைத்தேன். கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேருடைய வேலை இருந்தது. மெசின் பார்க்கிறவர் மலைநாட்டுப் பக்கத்து மனிதர், பல வருடப் பழக்கம். "சார், வெச்சிட்டுப் போனா திங்கக்கெழமதான். கொஞ்சம் நின்னீங்கன்னா இப்பவே அடிச்சிக் குடுத்துர்றேன்" என்றார். நின்றேன். கொஞ்சம் என்பது ஒரு மணித்தியாலம் ஆனது. ஒரு பிளேன்ரீ குடித்தேன். ஜப்பான் ரப்பர் நல்லதா, தாய்லாந்து ரப்பர் நல்லதா என்று அங்கே நின்ற ஒருவரோடு வாதாடினேன். இதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. அவனை வாங்கில் இருத்திவிட்டு வந்து, நான் ரப்பரைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தேன், வாதத்தில் வென்றும் விட்டேன்.

புது புஷ்ஷுக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசி, மெசினில் வைத்து, ஒரே அமுக்கில் ஏற்றினார். கொடுக்கும்போது, "சார், காரைத் தூக்கி வெச்சிக்கிட்டே போல்ட்ட இறுக்கிறாதீங்க. வீல மாட்டி, தரையில எறக்கி, வெயிட் வந்த பொறவு இறுக்குங்க. இல்லாட்டி ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து கிழிஞ்சிரும்" என்றார். எனக்குத் தெரியாததா என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

திரும்பும் வழியில் செக்பொயின்ற்றில் அவன் அதே வாங்கில்தான் இருந்தான். பையைப் பார்த்தான்.

"புஷ் அடிச்சாச்சோ அத்தான்?"

"ஓம். நல்ல இறுக்கமா இருக்கு."

பையின் வாயை விலக்கிப் பார்த்து, நல்லது என்றான். முகத்தில் கோபம் இல்லை. பிறகு மெல்லிய குரலில், "கொஞ்சம் கெதியா வாங்கோ" என்று மட்டும் சொன்னான். அந்தப் பையை அவனிடமே விட்டிருக்கலாம். பாரம் குறைந்து நானும் விரைவாகப் போயிருப்பேன். ஆனால் அவ்வளவு பாடுபட்டு அடித்த புஷ், யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் மனைவி நின்றாள். "அவன் எங்கை?" என்றாள். சொன்னேன். அவள் ஓடிப்போய் அலுமாரியைத் திறந்து துண்டை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள். "மறிச்சது எத்தினை மணிக்கு? ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"பஸ் கிடைக்கேல்லை" என்றேன்.

நான் திரும்பிப் போனபோது மணி மூன்று. வாங்கு வெறுமையாக இருந்தது. இரண்டு மணிக்கு முறை மாறி, காவலரணில் வேறு ஆட்கள் நின்றார்கள். லொறிக்காரன் மகன் போய்விட்டான். பொலிசுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. புதிதாக வந்தவர்கள் அவனை விசாரித்திருக்கிறார்கள். கார் புஷ் அடிக்க வந்தேன் என்றிருக்கிறான். எங்கே புஷ்? அத்தானிடம். அத்தான் எங்கே? வீட்டுக்குப் போய்விட்டார். கார் எங்கே? வீட்டில், சில்லில்லாமல் நிற்கிறது. கையில் பை இல்லை, துண்டு இல்லை, நகக்கண் எல்லாம் கறுத்த எண்ணெய். புதன்கிழமை கனடா போகிறேன் என்பதையும் சொல்லியிருக்கிறான். பொய் சொல்லத் தெரியாதவன். அவன் சொன்ன உண்மை ஒவ்வொன்றும் அவர்களுக்குச் சந்தேகமாகப் பட்டது. அவன் பக்கத்துக்கு இருந்த ஒரே சாட்சி அந்த இரும்பு. அதை நான் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

பொலிஸ் நிலையத்தில் துண்டைக் காட்டினேன். என் அட்டையைக் காட்டினேன். என் சிங்களம் முழுவதையும் கொட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தாய் என்று கேட்டார். அது பாராட்டு இல்லை என்று அவருடைய முகத்தில் தெரிந்தது. துண்டை வாங்கி ஒரு கோவைக்குள் வைத்து, திங்கட்கிழமை வரச் சொன்னார். திங்கட்கிழமை போனபோது அவனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் கழற்றியதையெல்லாம் காரில் திரும்பப் பூட்டினேன். அலைவதற்குக் கார் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் பென்சிலால் எழுதி வைத்திருந்தபடி ஒவ்வொரு போல்ற்றையும் எடுத்துப் போட்டேன். காரைத் தூக்கி வைத்தபடியே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டேன், மெசின்காரர் சொன்னது ஒன்றும் தலையில் நிற்கவில்லை. அடுத்த நாள் பள்ளத்தில் சில்லு இறங்கியது, ஏறியது. ஒரு சத்தமும் இல்லை. மனைவி பக்கத்தில் இருந்தாள், அவளும் அதைக் கவனித்தாள் என்று தெரியும். எங்கள் வாழ்க்கையில் அவ்வளவு மோசமான கார்ப் பயணம் பிறகு வந்ததில்லை.

நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் வழக்கறிஞர்களின் கந்தோர் வாசல்களில் நின்றோம். கடிதங்கள் எழுதினோம். புதன்கிழமை விமானம் போனது. மாதம் முடிந்தது. ஒன்றரை மாதம் கழித்து ஒரு மத்தியானம், குற்றம் ஒன்றும் இல்லை என்று அவனை விட்டார்கள். மெலிந்துபோய் வந்தான். அடித்தார்களா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இடது கையால் சாப்பாட்டுக் கோப்பையைப் பிடிக்கச் சில நாள் கஷ்டப்பட்டான்.

திரும்ப விண்ணப்பித்தோம். எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. ஓம் என்று எழுதினான். இல்லை என்று எழுது என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. விசா வரவில்லை. பெண் வீட்டார் ஒரு வருடத்துக்குக் கிட்டப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் செய்துவைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவன் எங்கள் பின்னறையிலேயே இருந்துவிட்டான். புதுக்கடை வழக்கறிஞர்களுக்குக் காணி உறுதிக்கான வரைபடங்கள் கீறிக் கொடுத்தான். கேட்டு வந்த கல்யாணங்களை எல்லாம் சிரித்துக்கொண்டே தட்டிவிட்டான். அந்தப் புஷ் எட்டு மாதத்தில் கிழிந்து கார் மறுபடி சத்தம் போடத் தொடங்கியது. நான் அதைத் திருத்தவில்லை, அப்படியே ஒருவனுக்கு விற்றேன்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு கதை வளர்ந்தது. சொந்தத்தில் எந்தக் கல்யாண வீடு, எந்தச் செத்தவீடு என்றாலும் பேச்சு அந்தக் காலத்தைத் தொடும். உடனே என் மனைவி சொல்லுவாள், "இவர் அண்டைக்கு ஓடின ஓட்டம் கொஞ்சமோ. ஒரு நிமிசம் நிக்கேல்லை. கிராண்ட்பாசுக்கும் வெள்ளவத்தைக்குமா ஓடி ஓடி, அப்பிடியிருந்தும் முறை மாறிப்போச்சு." எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். அவனும் அங்கே இருப்பான். "ஓம். அத்தான் அண்டைக்குச் சரியா அலைஞ்சுபோனார்" என்பான். நான் என் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் என்னைக் காப்பாற்றுகிறான் என்று தெரியும். ஒருநாளாவது தனியாகக் கூப்பிட்டு, தம்பி, பிழை விட்டது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வீட்டில் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தோம். சொல்லவில்லை.

போர் முடிந்து சில வருடங்களில் அவனுக்கு நெஞ்சு நோ வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே போய்விட்டான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்த சனம் எல்லாம் போன பிறகு, பின்னேரம் நானும் மனைவியும் மட்டும் வீட்டில் இருந்தோம். அவள் அவனுடைய சேர்ட்டுகளை யாருக்காவது கொடுப்பதற்காக மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இனியும் பொறுக்க முடியவில்லை. சொன்னேன். பஸ் கிடைக்காதது பொய் என்றும், அவனை இருத்திவிட்டுக் கடையில் போய் நின்றேன் என்றும், ஒரு மணித்தியாலம் நின்றேன் என்றும், பிளேன்ரீ குடித்ததையும்கூடச் சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்னெண்டு?"

"அவனை வெளியிலை விட்ட அண்டைக்கே சொன்னவன். நான் நோண்டி நோண்டிக் கேட்டனான். சொல்லிப்போட்டு, அத்தானைக் கேக்காதேங்கோ அக்கா, என்னைக் கொண்டுபோய் விடத்தானே அவர் காரைத் திருத்தினவர் எண்டான்."

"அப்ப ஏன் ஊரெல்லாம் நான் ஓடினன் ஓடினன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனீர்?" என்றேன்.

அவள் மடித்த சேர்ட்டை மற்றவற்றின் மேல் வைத்துவிட்டு, முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

"அப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் நான் உங்களோடை இருந்தனான்."